கணக்கில் வராத மனிதர்கள்

அமெரிக்க மேற்றிசை நாவல்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

சரித்திர நாவல் எழுதப் புகுவோர் ஒரு கடனை ஏற்றுக்கொண்டே பேனாவை எடுக்கின்றனர். கற்பனை செய்ய அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால் நடந்ததை நடவாததாக்கவோ, இருந்தவர்களை இல்லாதவர்களாக்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை. வீரனுடைய குதிரை வெள்ளையா கறுப்பா என்பதில் ஆசிரியர் தவறினால் நாம் பொறுத்துக்கொள்ளலாம். அக்குதிரைக்குப் புல்லறுத்துப் போட்டவன் என்று ஒருவன் உலகத்தில் இருந்ததேயில்லை என்பது போலக் கதையை நடத்திச் செல்வாராயின், அது பொறுக்கத்தக்க பிழையன்று. இந்த ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, உலகமெங்கும் பரவிய ஒரு கதை வகையை இன்று நம் வாசகர்களோடு சேர்ந்து அளந்து பார்க்க விரும்புகிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்றிசை எல்லைப்புறத்தைப் பற்றிய கதைகளே அவை.

இக்கதைகளை அறியாதவர் நம்மில் மிகச் சிலரே. ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் அறியாதவர்களுங்கூட இவற்றைப் படக்கொட்டகையில் கண்டிருப்பர். அகன்ற தொப்பி, இடுப்பில் சுழல் துப்பாக்கி, புழுதி பறக்க ஓடும் குதிரை, தனியொருவனாய் நின்று நீதியை நிலைநாட்டும் வீரன், அவன் சுட்டவுடன் பாறைமேலிருந்து உருண்டு விழும் செவ்விந்தியன் ஆகியவற்றைக் கண்டு நாமும் ஒரு காலத்தில் கைதட்டி ஆரவாரம் செய்தவர்களே. அதற்காக இன்று எவரும் வெட்கப்பட வேண்டுவதில்லை. ஆனால் எதற்காகக் கைதட்டினோம் என்று ஒருமுறையேனும் கேட்டுக்கொள்வது அறிவுடையோர் கடமையாகும்.

நூலும் கூத்தும்

எல்லைப்புறம் என்றால் என்ன? கீழைக் கடற்கரையில் குடியேறிய ஐரோப்பியர் வழியினர் மேற்கு நோக்கிப் பரவிச் சென்றபோது, அவர்களுடைய குடியேற்றம் எவ்விடத்தில் முடிந்ததோ அவ்விடத்தை எல்லை என்றனர். அவ்வெல்லை ஆண்டுதோறும் நகர்ந்தது. 1862ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலத்தை ஏறக்குறைய இலவசமாகவே வழங்கியது. 1869இல் கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை இணைந்தது. 1890ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், இனி எல்லைக்கோடு என்று ஒன்றைக் காட்டுவதற்கில்லை என்று அதிகாரிகள் அறிவித்துவிட்டனர்.

அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 1893இல், சிகாகோ நகரில் பெரியதோர் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதையொட்டிக் கூடிய சரித்திர ஆசிரியர்கள் சபையில் பிரெடரிக் ஜாக்ஸன் டர்னர் என்னும் இளைஞர் ஒரு கட்டுரை வாசித்தார். மேற்கே எப்போதும் திறந்து கிடந்த நிலமே அமெரிக்கரின் தன்னம்பிக்கையையும் குடியாட்சி உணர்ச்சியையும் உருவாக்கியது என்பது அவருடைய முடிபு. அதே ஆண்டில், அதே கண்காட்சியின் வேலிக்கு வெளியே, ‘பபலோ பில்’ எனப்பட்ட வில்லியம் கோடி என்பவர் கூடாரமடித்து, குதிரைகளையும் துப்பாக்கிக்காரரையும் உண்மையான செவ்விந்தியரையும் கொண்டு எல்லைப்புறத்தைக் கூத்தாக நடத்திக் காட்டினார். உள்ளே ஒருவர் கட்டுரையாகச் சொன்னதை வெளியே ஒருவர் வேடிக்கையாக ஆடினார். இருவருக்கும் பொதுவாயிருந்த கருத்து ஒன்று உண்டு. நிலம் சும்மா கிடந்தது என்பதே அது. சும்மா கிடந்த நிலத்தில் சண்டை எதற்கு என்ற கேள்வியை உள்ளே இருந்த கற்றோரில் எத்தனை பேர் கேட்டனரோ, வெளியே கூடிய கூட்டத்தில் எத்தனை பேர் கேட்டனரோ!

இரங்கலில் மறைந்த இனம்

இக்கதை மரபுக்கு மூலபுருஷர் ஜேம்ஸ் பெனிமோர் கூப்பர். 1823 முதல் 1841 வரையில் அவர் எழுதிய ஐந்து நாவல்களில் ‘மோஹிக்கர்களில் கடைசியானவன்’ என்பதே பெரும்புகழ் பெற்றது. 1826இல் வெளிவந்த அந்நூல், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத 1757ஆம் ஆண்டை நிலைக்களனாகக் கொண்டது. காட்டின் இருளையும், நீர்வீழ்ச்சியின் ஓசையையும், பின்தொடரும் பகைவரின் அச்சத்தையும் கூப்பர் வருணிக்கும் திறமை அலட்சியப்படுத்தத் தக்கதன்று. அன்றியும், வெள்ளையனான வேட்டைக்காரனும் மோஹிக்கத் தந்தையும் மகனும் கொண்ட நட்பை அவர் உயர்வாகவே சித்திரித்துள்ளார். செவ்விந்தியரை வெறும் பேய்களாகக் காட்டிய பிறரினும் அவர் பன்மடங்கு மேலானவர்.

மார்க் ட்வெயின் 1895இல் கூப்பரின் கதைகளை எள்ளி நகையாடிக் கட்டுரை ஒன்று எழுதினார். காட்டில் சுள்ளி முறியும் ஓசை கேட்காமல் அவருடைய கதை நகராது என்றும், அவருடைய பாத்திரங்கள் செய்யும் காரியங்கள் மனிதரால் ஆகாதவை என்றும் குறை கூறினார். அக்குறைகள் மெய்யே. ஆயினும், நாம் கூறவரும் குறை சுள்ளியைப் பற்றியதன்று, தலைப்பைப் பற்றியது. ‘கடைசியானவன்’ என்ற சொல்லே பிழை. மோஹிக்கரும், அவரோடு கூப்பர் சேர்த்துக் குழப்பிய மோஹிகரும் அழிந்துபோகவில்லை. முன்னவரின் வழியினர் விஸ்கான்சின் மாநிலத்திலும் பின்னவர் கனெக்டிகட் மாநிலத்திலும் இன்றும் வாழ்கின்றனர். உயிரோடிருப்பவர்களுக்கு இறுதிக் கடன் செய்து, அழுது, அழகான இரங்கற்பாவும் பாடிவிட்டது அந்நாவல்.

இதனால் விளைந்த தீங்கு யாது என்று கேட்கலாம். நாவல் வெளிவந்த நான்காவது ஆண்டில், அதாவது 1830இல், கிழக்கே வாழ்ந்த பூர்வகுடிகளை மிஸ்ஸிஸிப்பி ஆற்றுக்கு அப்பால் பெயர்த்தனுப்பும் சட்டம் நிறைவேறியது. 1838, 1839ஆம் ஆண்டுகளில் சேரோக்கியர் ஏறக்குறைய 16,000 பேர் அவ்வாறு ஓட்டிச் செல்லப்பட்டதில், வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் மாண்டனர் என்று கணக்கிடப்படுகிறது. சட்டத்தைக் கூப்பர் இயற்றவில்லை. ஆனால், இவ்வினம் எப்படியும் மறையப்போகிறது, இது காலத்தின் செயல், இதில் எவர் குற்றமும் இல்லை என்று படிப்போர் மனத்தைச் சமாதானம் செய்யும் ஒருவகைத் துயரத்தை அவர் இலக்கியமாக்கித் தந்தார். குற்றவாளியைக் காட்டாத இரக்கம், குற்றவாளிக்கே துணைபோகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கூத்துக்காக ஒரு கொலை

கூப்பர் வித்திட்ட மரத்தில் மலிவுப் பதிப்புக்காரர்கள் காய் பறித்தனர். 1860 முதல் பத்துக் காசு விலையில் கதைப் புத்தகங்கள் வெளிவரலாயின. 1869இல் நெட் பன்ட்லைன் என்ற புனைபெயரினர், இருபத்து மூன்று வயது இளைஞராயிருந்த கோடியைக் கதாநாயகனாக்கிப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினார். கோடி, இருப்புப்பாதை வேலையாட்களின் உணவுக்காகக் காட்டெருமைகளைச் சுட்டு வந்தவர். பின்னர்ப் படைக்கு வழிகாட்டியாயிருந்தவர். 1872இல் சிகாகோ நாடக மேடையில், தம்மைப் பற்றிய கதையில் தாமே தம் வேடம் பூண்டு நடித்தார். மெய்யான மனிதர் தம்முடைய பொய்யான உருவத்துக்கு வேடமிட்ட விந்தை இது.

விந்தை இத்தோடு நிற்கவில்லை. 1876ஆம் ஆண்டு ஜூன் 25ந் தேதி தளபதி கஸ்டரின் படைப்பகுதி, லகோட்டா, செயன் ஆகிய இனத்தாரால் முற்றும் அழிக்கப்பட்டது. அச்சமயம் படைக்குத் திரும்பியிருந்த கோடி, ஜூலை 17ந் தேதி நெப்ராஸ்கா நாட்டில் நடந்த ஒரு சிறு சண்டையில், ‘மஞ்சள் மயிர்’ என்ற பொருளுடைய பெயர் கொண்ட செயன் வீரன் ஒருவனைக் கொன்று, அவன் தலைத் தோலை உரித்தெடுத்தார். நாடக மேடைக்குரிய கறுப்பு வெல்வெட் உடையோடேயே அன்று அவர் களத்துக்குச் சென்றார் என்று சரித்திரக்காரர் கூறுவர். சில மாதங்களுக்குள் அக்கொலை நாடகமாயிற்று. அந்த நாடகத்தில் கொலை செய்பவராகக் கோடியே நடித்தார். கலை வாழ்க்கையைப் பின்பற்ற வேண்டும் என்பர். இங்கோ, கலைக்குத் தேவையென்று வாழ்க்கையில் ஓர் உயிர் போயிற்று. எல்லைப்புறக் கதைகளை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லித் தள்ளிவிடுவோர் இந்த ஒரு நிகழ்ச்சியை நினைவில் வைக்க வேண்டும்.

நடுநிலை தவறாமல் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1883இல் கோடி தொடங்கிய பெருங்கூத்தில் சேர்ந்த செவ்விந்தியர் கூலி பெற்றனர். அரசாங்கம் ஒதுக்கிடங்களில் தடைசெய்திருந்த தம் ஆட்டபாட்டங்களை அவர்கள் அக்கூத்தில் வெளிப்படையாக ஆட முடிந்தது. கஸ்டரின் படையை எதிர்த்த மக்களின் தலைவரான ‘உட்கார்ந்த எருது’ என்பவரே 1885இல் ஒரு பருவம் அதில் வந்திருந்தார். ஆனால் அவரை 1890ஆம் ஆண்டு டிசம்பர் 15ந் தேதி அரசாங்கத்தின் இந்தியப் போலீசாரே சுட்டுக் கொன்றனர். இரண்டு வாரங்களுக்குப் பின், டிசம்பர் 29ந் தேதி, ‘காயமுற்ற முழங்கால்’ என்னும் ஓடைக்கரையில் 150க்குக் குறையாத லகோட்டாக்கள், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, பட்டாளத்தாரால் கொல்லப்பட்டனர். 250க்கு மேல் என்போரும் உளர். கூடாரத்தில் அவர்களைக் கண்டு ஆரவாரித்த கூட்டத்துக்கும் அந்த ஓடைக்கரைக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடக்க எந்த மலிவுப் பதிப்பும் முயலவில்லை.

மாடு மேய்க்காத மாட்டுக்காரன்

இனி, கௌபாய் எனப்படும் மாட்டுக்காரனைக் கதாநாயகனாகச் சிங்காதனம் ஏற்றிய நூலுக்கு வருவோம். ஓவன் விஸ்டர் எழுதிய ‘வர்ஜீனியாக்காரன்’ 1902இல் வெளிவந்து பல்லாயிரக்கணக்கில் விற்பனையாயிற்று. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு அது சமர்ப்பணம் செய்யப்பட்டது. ஆசிரியர் கீழைக்கரைப் பெருநகரத்துச் செல்வக் குடும்பத்தினர், ஹார்வர்டில் கற்றவர், உடல்நலங் கருதி 1885ஆம் ஆண்டுக் கோடையில் வையோமிங்குக்கு முதன்முதலாகச் சென்றவர். நடை நேர்த்தியானது, நகைச்சுவையும் உண்டு, பேச்சுக் குறைந்து செயல் மிகுந்த அந்த வீரனின் குணவார்ப்பு, பின்வந்த நூற்றுக்கணக்கான நாவல்களுக்கும் படங்களுக்கும் அச்சாக அமைந்தது.

ஆயினும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மாட்டுக்காரனைப் பற்றிய இந்நாவலில் மாடு மேய்க்கும் வேலை கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். வீரன் சீட்டாடுகிறான், காதலிக்கிறான், பகைவனோடு பொருதுகிறான், தர்க்கம் செய்கிறான். வெயிலில் வெந்து கன்றைக் கட்டிச் சூடுபோடுவதையோ, இரவெல்லாம் மந்தையைச் சுற்றிக் காவல் புரிவதையோ நாம் காண்பது அரிது. தொழிலாளியின் உடையை எடுத்துக்கொண்டு, தொழிலை மட்டும் நீக்கிவிட்டு, உள்ளே ஒரு கனவானைப் புகுத்திவிட்டார் ஆசிரியர்.

அக்கனவான் எப்பக்கம் நிற்கிறான் என்பதே முக்கியம். நாவலின் நடுவே, மாடு திருடியதற்காகத் தன் பழைய தோழனையே வீரன் விசாரணையின்றித் தூக்கிலிடுகிறான். அவனை மணக்கவிருக்கும் பள்ளி ஆசிரியை இதனைக் கேட்டு நடுங்குகிறாள். அப்போது பண்ணை முதலாளியான நீதிபதி ஹென்றி வந்து, தென்னாட்டில் நீக்ரோக்களை எரித்துக் கொல்வது வேறு, வையோமிங்கில் திருடரைத் தூக்கிலிடுவது வேறு என்றும், நீதிமன்றம் செயலற்றுப் போன இடத்தில் ஜனங்கள் தாம் கொடுத்த அதிகாரத்தைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்கின்றனர் என்றும் நீண்ட நியாயம் கூறுகிறார். ஆசிரியை சமாதானமடைகிறாள். வாசகரும் அடைய வேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பம்.

இப்போது சரித்திரத்தைப் புரட்டுவோம். 1892இல் வையோமிங்கில் ஜான்ஸன் கவுண்டி என்னுமிடத்தில் நடந்தது என்ன? பெரும் பண்ணை முதலாளிகள், டெக்ஸாஸிலிருந்து கூலிக்குப் பிடித்த இருபதுக்கு மேற்பட்ட துப்பாக்கிக்காரரோடு, ஏறக்குறைய ஐம்பது பேராகப் படையெடுத்துச் சென்றனர். கொல்ல வேண்டியவர்களின் பெயர்ப்பட்டியலும் அவர்களிடம் இருந்தது. திருடர் என்று அவர்கள் பெயர் சூட்டியவர்களில் பலர், சிறு நிலமும் சில மாடுகளும் வைத்துப் பிழைக்க முயன்ற முன்னாள் மாட்டுக்காரரே. சொந்தமாக மாடு வைத்த மாட்டுக்காரனுக்கு வேலை கொடுக்கலாகாது என்று முதலாளிகள் கட்டுப்பாடு செய்திருந்த காலம் அது. ஏப்ரல் மாதத்தில் நேட் சாம்பியன் என்ற மாட்டுக்காரனின் குடிசையைச் சூழ்ந்து, தீ வைத்து, வெளியே ஓடிவந்தவனைச் சுட்டுக் கொன்றனர். செய்தியறிந்து கிளர்ந்தெழுந்த ஊரார் நூற்றுக்கணக்கில் திரண்டு படையெடுத்தவர்களை வளைத்துக்கொண்டபோது, அவர்களைக் காப்பாற்ற அரசாங்கக் குதிரைப்படை வந்தது. தண்டிக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை.

நாவலையும் நிகழ்ச்சியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ‘ஜனங்கள்’ என்று நீதிபதி ஹென்றி கூறியவர்கள் யார்? வளைத்துக்கொண்ட ஊராரா, வளைக்கப்பட்ட முதலாளிகளா? முதலாளியின் செயலுக்குத் தொழிலாளியின் கையைக் கொண்டே கயிறு திரித்து, அதற்கு வீரம் என்று பெயரிட்டது இந்நாவல். அழகிய நடை இருந்துவிட்டால் அநீதியும் எவ்வளவு எளிதாக உள்ளே நுழைந்துவிடுகிறது என்பதை இதில் காணலாம்.

இன்னொரு மௌனமும் உண்டு. விஸ்டர் முதன்முதலாக வையோமிங் சென்ற அதே 1885இல், செப்டம்பர் 2ந் தேதி, அதே பிரதேசத்தின் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளைத் தொழிலாளர் கும்பல் ஒன்று சீனத் தொழிலாளர் குடியிருப்பைத் தாக்கி, 28 பேரைக் கொன்று, வீடுகளைக் கொளுத்தியது. அதற்கும் எவரும் தண்டிக்கப்படவில்லை. மாடு திருடியவனுக்குக் கயிறு தேடிய வையோமிங்கின் நீதியுணர்ச்சி அன்று எங்கே போயிற்று என்று நீதிபதி ஹென்றியிடம் எவரும் கேட்கவில்லை.

கூலிக் கணக்கு

இனி, வேலை செய்தவன் தானே எழுதிய நூல் ஒன்றைப் பார்ப்போம். ஆண்டி ஆடம்ஸ் என்பவர் பல்லாண்டுகள் மாடு ஓட்டிப் பிழைத்தவர். அவருடைய ‘ஒரு மாட்டுக்காரனின் நாட்குறிப்பு’ விஸ்டரின் நூலுக்கு அடுத்த ஆண்டு, 1903இல், வெளிவந்தது. 1882இல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளை மெக்ஸிகோ எல்லையிலிருந்து வடக்கே மோன்டானா வரையில், ஐந்து மாதம், கால்நடையாக ஓட்டிச் செல்வதே கதை. காதல் இல்லை, சதி இல்லை, இறுதியில் வீரனும் வில்லனும் மோதும் காட்சியும் இல்லை. அதற்குப் பதிலாக, தண்ணீரற்ற வெளியில் தாகத்தால் மாடுகள் கண்தெரியாமல் போய்த் திரும்பி ஓடுகின்றன. சேற்றில் சிக்கிய மாட்டை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கின்றனர். ஆற்றைக் கடக்கையில் உடன் வந்தவன் ஒருவன் மூழ்கி இறக்கிறான். அவனைப் புதைத்துவிட்டுப் பயணம் தொடர்கிறது. வேலையே இந்நூலின் கதை. ஆபத்தும் வேலையிலேயே பிறக்கிறது. இதைப் படிக்குங்கால் சிற்சில இடங்களில் அலுப்புத் தட்டுவது உண்மையே. ஆனால் அவ்வலுப்பும் மெய்யான அலுப்பு. ஐந்து மாதம் புழுதியில் சென்றவனின் அலுப்பில் நமக்குக் கிடைத்த சிறு பங்கு.

அம்மாட்டுக்காரனின் கூலி என்ன? மாதம் 25 முதல் 40 டாலர் வரையே. 1883இல் டெக்ஸாஸின் வடகோடியில் மாட்டுக்காரர்கள் ஒன்றுகூடி, மாதம் 50 டாலர் வேண்டுமென்று எழுதிக் கையொப்பமிட்டு வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் புது ஆட்களை அமர்த்தினர், வேலைநிறுத்தம் முறிந்தது. தனிமனித வீரத்துக்கே இலக்கணமாகக் காட்டப்படும் இவ்வீரர்கள், உண்மையில் ஒற்றுமையை நாடிய கூலித் தொழிலாளர் என்பது இதனால் விளங்கும். துப்பாக்கிச் சண்டைகளுக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்த உலகம், இந்த ஐம்பது டாலர்ச் சண்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூலிக் கணக்கின் வலி தெரிந்த நம் வாசகர்களுக்கு இதன் காரணத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிறக் கணக்கையும் பார்ப்போம். மாட்டுக்காரரில் நால்வருக்கு ஒருவர் கறுப்பர் என்று சரித்திரக்காரர் பலர் மதிப்பிடுகின்றனர். மெக்ஸிகோக்காரரும் பலர். ‘லாஸோ’, ‘ராஞ்ச்’, ‘ரோடியோ’ ஆகிய சொற்களெல்லாம் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவையென்றால், அத்தொழிலைக் கற்பித்தவர் யார் என்பது வெளிப்படை. டென்னஸியில் அடிமையாகப் பிறந்த நாட் லவ் என்பவர் மாட்டுக்காரராக உழைத்து, 1907இல் தம் சுயசரிதையை வெளியிட்டார். அதில் தம்மை ‘டெட்வுட் டிக்’ என்று கூறிக்கொண்டார். அப்பெயரோ மலிவுப் பதிப்புக் கதாநாயகன் ஒருவனுடையது! நூலில் மிகைப்படுத்தல் நிறைய உண்டு. ஆனால் கதைகளில் தமக்கு இடமே தராத உலகத்தில், அக்கதையின் நாயகன் பெயரையே எடுத்துச் சூடிக்கொண்ட அம்மனிதரின் செயலில் ஒரு நியாயமும் இருக்கத்தான் செய்கிறது.

இருப்புப்பாதையின் மேற்குப் பகுதியை அமைத்தவருள் பெரும்பாலோர் சீனர், பல்லாயிரவர். கருங்கல் மலையைக் குடைந்தும், பனிச்சரிவில் புதைந்தும் அவர்கள் உழைத்தனர். 1867 ஜூன் மாதத்தில் வெள்ளையருக்குச் சமமான கூலி கேட்டு அவர்கள் வேலையை நிறுத்தியபோது, கம்பெனியார் உணவு வரத்தைத் தடுத்து ஒரு வாரத்தில் அவர்களைப் பணியவைத்தனர். 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் நுழைவதையே தடுக்கும் சட்டம் வந்தது. இவர்களைப் பற்றிய கதை தக்கவாறு எழுதப்பட நெடுங்காலம் ஆயிற்று. மாக்ஸின் ஹாங் கிங்ஸ்டன் என்னும் சீன வழி அமெரிக்கப் பெண்மணி 1980இல் எழுதிய ‘சீன மனிதர்’ என்ற நூலில், மலை குடைந்த பாட்டனார் ஒருவர் பெயரோடும் ஆசையோடும் உயிர்பெற்று வருகிறார்.

உழவர் வீட்டுக் கதைகள்

துப்பாக்கியை விட்டுக் கலப்பையைப் பற்றி எழுதியவர்களில் வில்லா கேதர் தலைசிறந்தவர். 1918இல் வந்த ‘என் ஆன்டோனியா’ என்னும் நாவல், பொஹிமியாவிலிருந்து நெப்ராஸ்காவில் குடியேறிய ஏழைக் குடும்பத்தின் கதை. சொந்த நாட்டான் ஒருவனே நிலத்தை அதிக விலைக்கு விற்று ஏமாற்றுகிறான். மண்குகை போன்ற வீட்டில் முதற் குளிர்காலம். வாத்தியம் வாசித்து வாழ்ந்த தந்தை, ஊர்நினைவு தாளாமல் உயிரை மாய்த்துக்கொள்கிறார். அயல்நாட்டில் பிழைக்கப் போனவரின் மனத்துயரை இதனினும் அடக்கமாகவும் ஆழமாகவும் சொன்ன நாவல்கள் சிலவே. ஆயினும், செவ்விந்தியர் குதிரையோட்டிய வட்டத்தின் தடம் புல்லில் மங்கலாகத் தெரிவதாக ஓரிடத்தில் வருகிறதேயன்றி, குதிரையோட்டியவர் எங்கே போயினர் என்ற கேள்வி அதில் எழவில்லை.

லாரா இங்கல்ஸ் வைல்டர் சிறுவர்களுக்காக 1935இல் எழுதிய ‘புல்வெளியில் ஒரு சிறு வீடு’ என்ற நூலில், அந்நாட்டில் மனிதரே இல்லை, இந்தியர் மட்டுமே வசித்தனர் என்ற கருத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. 1953இல்தான், மனிதர் என்ற சொல் குடியேறியவர் என்று மாற்றப்பட்டது. ஒரே ஒரு சொல்! பதினெட்டாண்டு காலம் அச்சொல் பிள்ளைகளின் கையில் இருந்தது. அக்குடும்பம் குடிசை போட்ட நிலமோ ஓஸேஜ் இனத்தாருடையது.

அக்கரையிலிருந்து ஒரு குரல்

ஆண்டி ஆடம்ஸின் மந்தை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை நாம் இன்னும் சொல்லவில்லை. மோன்டானாவில் பிளாக்பீட் இனத்தாருக்காக அரசாங்கம் வைத்திருந்த அலுவலகத்தில் அது ஒப்படைக்கப்படுகிறது. கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகள் சுட்டுத் தீர்க்கப்பட்டுவிட்டமையால், வேட்டையாடி உண்டவர்கள் இப்போது அளந்து கொடுக்கும் இறைச்சிக்குக் காத்திருக்கின்றனர். நாட்குறிப்பு அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கடுத்த குளிர்காலங்களில், 1883, 1884இல், ரேஷன் போதாமல் அவ்வினத்தாரில் நூற்றுக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தனர். மாட்டை ஓட்டிவந்த தொழிலாளியின் கண்ணுக்கும், அதைப் பெற்றுக்கொண்டவர்கள் கதையின் கடைசிப் பக்கத்து மனிதராகவே தெரிந்தனர்.

அவர்களை முதற் பக்கத்து மனிதராக்கியவர் ஜேம்ஸ் வெல்ச். தந்தை வழியில் பிளாக்பீட் இனத்தவர். 1986இல் அவர் எழுதிய ‘பூல்ஸ் குரோ’, பிளாக்பீட்டில் ஒரு கிளையான பிக்குனி மக்களின் 1870ஆம் ஆண்டை ஒட்டிய வாழ்க்கையைச் சொல்வது. நாம் முதலில் கூறிய அளவுகோலுக்கு முழுமையாக நிற்கும் சரித்திர நாவல் இது என்று துணிந்து கூறுவோம். ஆங்கிலத்தில் எழுதினாராயினும், பிக்குனியரின் கண்ணாலேயே பொருள்களுக்குப் பெயரிடுகிறார். காட்டெருமை ‘கருங்கொம்பு’ ஆகிறது. பட்டாளத்தார் ‘பிடிப்போர்’ ஆகின்றனர். முதற் சில பக்கங்களில் வாசகர் தடுமாறுவர். அத்தடுமாற்றம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இதுகாறும் எல்லாக் கதைகளிலும் அந்நியராக நின்றவர் வீட்டுக்காரராகவும், வீட்டுக்காரராக நின்ற வாசகர் அந்நியராகவும் மாறவேண்டியிருக்கிறது.

வெல்ச் தம்மவரைத் தெய்வமாக்கவும் இல்லை. குரோ இனத்தாரிடம் குதிரை திருடப் போகிறார்கள். ஓர் இளைஞனின் வீண் தற்பெருமையால் மூத்தவன் ஒருவன் பகைவரிடம் சிக்கி விரல்களை இழக்கிறான். வெள்ளையரைக் கொன்று திரியும் கூட்டத்தால் அமைதியாயிருப்போருக்கும் அழிவு வருமே என்று பெரியோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் மெய்யாகிறது. 1870ஆம் ஆண்டு ஜனவரி 23ந் தேதி, மரியாஸ் ஆற்றங்கரையில், மேஜர் பேக்கரின் குதிரைப்படை விடியற்காலையில் ஒரு முகாமைச் சுட்டுப் பொசுக்கியது. தேடிவந்த முகாம் அதுவன்று. அங்கே இருந்தவர் வெள்ளையரோடு சமாதானமாயிருந்த ‘ஹெவி ரன்னர்’ என்ற தலைவரின் மக்கள். அம்மை நோயால் வாடியவர்கள். ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டதில் மிகப் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும் முதியோரும். எவரும் தண்டிக்கப்படவில்லை. ராக் ஸ்பிரிங்ஸ், ஜான்ஸன் கவுண்டி, இப்போது மரியாஸ் என இந்த வாக்கியத்தை இக்கட்டுரையில் நாம் எத்தனை முறை எழுத நேர்ந்தது என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் நாவல் அப்பிணக்குவியலோடு முடியவில்லை. குழந்தை பிறக்கிறது, வசந்தம் வருகிறது, சடங்கு நடக்கிறது. கூப்பரின் நூல் கடைசியானவனின் சமாதியில் முடிந்தது. வெல்சின் நூல், கடைசியானவன் என்று எவனும் இல்லை என்று சொல்லி முடிகிறது. நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் கூப்பருக்குக் கிடைத்த தக்க மறுமொழி இதுவே. கடிந்துரைக்காமல் தன் கதையைத் தானே சொன்னதே அம்மறுமொழியின் வலிமை.

எதை வேண்டுகிறோம்?

மேற்றிசைக் கதைகளைக் கொளுத்திவிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கூப்பரின் காடும், விஸ்டரின் நடையும் இலக்கியத்தின் சொத்து. படியுங்கள், படம் பாருங்கள், மகிழுங்கள். ஆனால் எந்தச் சரித்திர நாவலை எடுத்தாலும், இந்த நிலம் முன்னர் யாருடையது, இந்த வேலையைச் செய்தவர் யார், அவர்களுக்குக் கிடைத்த கூலி என்ன என்று அதனிடம் கேளுங்கள். பதில் சொல்லும் நூலை மதியுங்கள். பதில் சொல்லாத நூலைப் படித்தாலும், அதன் மௌனத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

வீரன் குதிரைமேல் ஏறி மாலைச் சூரியனை நோக்கிச் செல்லும்போது, அவனுக்குப் பின்னே மந்தையின் புழுதிக்குள் கறுப்பராயும் மெக்ஸிகோக்காரராயும் சிலர் மாடு ஓட்டி வருகின்றனர். அவன் கடக்கும் இருப்புப்பாதையின் கீழே சீனர் உடைத்த கல் கிடக்கிறது. அவன் செல்லும் நிலத்துக்கு அவனுக்கு முன்னரே வேறொரு மொழியில் பெயர் உண்டு. திரையில் தெரியாவிடினும் இவர்களைக் கண்டுகொள்ளும் கண்ணை நம் வாசகர்கள் பெறுவார்களாக.